ஐந்து முறை நெலிதா

"அங்க உக்காராதீங்க."

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த கை அப்படியே நின்றது. அவன் தலைமுடியிலிருந்து மழைநீர் மேசைவிரிப்பின் மேல் சொட்டியது... ஒன்று... இரண்டு... மூன்று...

"ஏன், ஆள் இருக்கா?"

"வருவாரு."

"எப்ப?"

"ஒன்றரைக்கு. இருபத்திரண்டு வருஷமா ஒன்றரைக்கு."

"இப்ப மணி பன்னெண்டே முக்கால். நான் சாப்பிட்டு, பல்லுக் குத்தி, எழுந்தே போயிடுவேன்."

"நாற்காலி சூடா இருந்தா அவருக்குப் பிடிக்காது."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். கறுப்பென்றும் சொல்ல முடியாத, பழுப்பென்றும் சொல்ல முடியாத கண்கள். சாம்பல் பூத்த கங்கு ஊதினால் சிவக்குமே... அந்த மாதிரி.

"சரி, எங்க உக்காரலாம், நீங்களே சொல்லுங்க. நின்னுக்கிட்டே சாப்பிடச் சொன்னாலும் சம்மதம். இந்த மழையில போயெதோ பேட்டை முழுக்கத் தேடிட்டேன், கதவு திறந்திருந்தது உங்க கடை ஒண்ணுதான்."

"ஓ... அப்ப கறிக்கு வரல. மழைக்கு வந்தீங்க."

"மழைக்குத்தான் வந்தேன். கறிக்காக உக்காரலாம்னு பாத்தேன். நீங்கதான் விடல."

அவள் கழிப்பறைக்குப் பக்கத்து மேசையைக் காட்டினாள். முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவில் 'பர்ரகான்' என்று மட்டும் எழுதிய சுடுகறிக் கடை அது. பதினோரு மேசை. அடுப்புக்கு அப்பா அன்செல்மோ பர்ரகான், மற்ற எல்லாவற்றுக்கும் நெலிதா. அவளுக்கு வயது முப்பத்தொன்று. கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "மேசை காலியில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அவன் கேட்டது மாட்டின் வயிற்றோரத் துண்டு. கூடக் கொஞ்சம் கீரை, ஒரு கோப்பை சிவப்பு ஒயின், அதில் ஊற்றிக்கொள்ள சோடா. தட்டை எடுக்கப் போனபோது கீரை மட்டும் குவியலாக அப்படியே இருந்தது. நெலிதா முட்கரண்டியால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கறி... வெளியே கரி, உள்ளே பச்சை ரத்தம்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"பொய் சொன்னா உங்க காது சிவக்குது."

"மழையில நனைஞ்சா அப்படித்தான் சிவக்கும்."

அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "இங்க தட்டுல மிச்சம் வைக்கிற பழக்கமில்ல. முடியலன்னா காகிதத்துல சுத்திச் சட்டைப் பையில போட்டுக்கணும். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். பக்கத்து மேசையில் பல் மருத்துவர் ஒருவர் அடுப்பைப் பார்த்துச் சிரித்தபடியே, மேசைக்கு அடியில் எதையோ மடித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு முன்னால் அன்செல்மோ முதுகு நிமிர்ந்து நின்றிருந்தார், தன் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் தலைவனைப் போல.

புதியவன் காகிதத்தை எடுத்தான், சுற்றினான், நனைந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ராமிரோ," என்றான். "என் பேரு."

"நான் கேக்கலியே."

"அடுத்த செவ்வாய்க்கிழமை கேப்பீங்க. அன்னிக்குத்தான் எனக்கு லீவு."

செவ்வாய்க்கிழமை வந்தான். அதற்கடுத்த செவ்வாயும் வந்தான்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"பலேர்மோ பேட்டையில. ஒரு சாப்பாட்டுக் கடையில."

"பாத்திரம் கழுவறதா?"

"ஏன், என் கை அவ்வளவு சுத்தமாவா இருக்கு?"

சுத்தமாக இல்லை. விரல்களின் மேல் பழைய சூட்டுத் தழும்புகள். அதைப் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை என்பதை நினைத்து நெலிதா பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாவது செவ்வாயில், இருபத்திரண்டு வருட நாற்காலிக்காரரான ஓஸ்வால்தோ, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தன் மேசையில் ஒரு கோப்பையை நகர்த்தி வைத்து இடம் பண்ணினார்.

"இங்க வந்து உக்காருப்பா. கக்கூஸ் பக்கத்துல உக்காந்து காதலிச்சா விளங்காது."

"தோன் ஓஸ்வால்தோ..." 'தோன்' என்ற மரியாதை குறையாமலே நெலிதா பல்லைக் கடித்தாள்.

"நான் ஒயினைச் சொன்னேன், புள்ள. ஒயினை."

ராமிரோ உட்காரும் நேரம் குறைந்து, அடுப்படியில் நிற்கும் நேரம் கூடியது. அன்செல்மோவோடு குதிரைப் பந்தயம் பேசுவான், கால்பந்து பேசுவான். அவன் பேசினால் அப்பா சிரித்தார். அப்பா சிரித்து ஒரு வருடமாகியிருந்தது... அதைவிட அதிசயம், செவ்வாய்க்கிழமைகளில் கறி பழையபடி வந்தது. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே ரோஜா நிறத்தில். யாரும் காகிதத்தைத் தேடவில்லை. அப்பாவுக்கு மனசு தேறிவிட்டது, அதுதான் காரணம் என்று நெலிதா நம்பினாள். நம்புவது சுகமாக இருந்தது.

ஒருநாள் பிற்பகல், அன்செல்மோ மருந்து வாங்கப் போயிருந்தார். கடையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"கைய நீட்டு," என்றான் ராமிரோ. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

"எதுக்கு?"

"நீட்டேன், ஒல்லி."

அவள் கையைக் கம்பி அடுப்பின் மேல், ஒரு சாண் உயரத்தில், பிடித்து நிறுத்தினான். தொட்டது மணிக்கட்டை மட்டும்தான். ஆனால் சூடு எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"கடிகாரம் பாத்துக் கறி சுடக் கூடாது. உள்ளங்கைதான் கடிகாரம். எங்க ஊர் சந்தியாகோல ஜெபம் சொல்லி எண்ணுவாங்க. நான் வேற சொல்லி எண்ணறேன்."

"என்ன சொல்லி?"

"நெலிதா... நெலிதா... நெலிதா... நெலிதா... நெலிதா..." நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டு. ஐந்தாவதில் அவள் கை தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"அவ்வளவுதான். அஞ்சு வந்தா வயிற்றோரத் துண்டுக்குச் சரியான சூடு. மூணுலயே கை சுட்டா நெருப்புக் கங்கைப் பரப்பணும். எட்டு வந்தா நெருப்பு தூங்குதுன்னு அர்த்தம்."

"எட்டு வரைக்கும் என் பேரச் சொல்லிக்கிட்டு நிப்பியா?"

"இருபது வரைக்கும்கூட நிப்பேன். கறிதான் கெட்டுப்போகும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கங்கைக் கிளறக் கரண்டியை எடுத்தாள். அவன் சட்டென்று தடுத்தான்.

"அப்பாவோட நெருப்பு. அவரு இல்லாதப்ப தொடாத."

அடுத்தவன் நெருப்பில் கை வைக்கக் கூடாது. அந்த ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை அது. இன்னொருவன் மனைவியோடு நடனமாடலாம், கேட்டுக்கொண்டு. நெருப்பைக் கேட்டுக்கொண்டும் தொட முடியாது.

அப்படிப்பட்டவன்தான்...

அப்பாவுக்கு எழுபது வயது முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பின்னால் திராட்சைக் கொடியின் கீழே மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். சொந்தமும் வாடிக்கையுமாக இருபது பேர். அடுப்பு அன்செல்மோவுடையது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ராமிரோ வெள்ளைச் சட்டை போட்டு, முடியைப் படிய வாரி வந்திருந்தான்.

"யாரைப் பொண்ணு கேக்க வந்த?" என்றாள் நெலிதா, தக்காளி நறுக்கியபடியே.

"அடுப்புக்காரர்கிட்ட கேக்கணும். கறி வெந்தப்புறம் கேக்கறேன். வயிறு நிறைஞ்சா மனசு இளகும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் காது சிவக்கவில்லை. அதைப் பார்த்த அவளுக்குக் கத்தி விரலில் பட்டது.

கீரைப் பாத்திரத்தோடு அவள் முற்றத்துக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். அப்பா ஒயின் எடுக்க முதுகைத் திருப்பியிருந்தார். ராமிரோ குனிந்து, இரும்புக் கரண்டியால் நடுவிலிருந்த கங்கை ஓரத்துக்கு இழுத்தான். மூன்றே இழுப்பு. சத்தமில்லை. எத்தனையோ செவ்வாய்கள் பழகிய கை.

நிமிர்ந்தான். அவள் நிற்பதைப் பார்த்தான்.

அந்தக் கண்ணில் திருட்டு இல்லை. கெஞ்சல் இருந்தது. நெலிதாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது... செவ்வாய்க்கிழமைக் கறி, அப்பாவின் சிரிப்பு, அப்பா அடுப்புக் கிராதிக்கு மேல் கையை நீட்டி எதையும் உணராமல் நிற்கும் அந்த நீண்ட நேரங்கள்... சர்க்கரை வியாதி அந்தக் கையின் உணர்வைத் தின்றுவிட்டது என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் அத்தை மகன் தாரியோ. சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டுகிறவன்.

"அட, இவரா? சிவப்புக் கழுத்துக்குட்டை எங்க, அண்ணே?"

ராமிரோவின் கை வெறும் கழுத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"உங்களுக்கெல்லாம் தெரியாதா? இவரு பலேர்மோ 'ஏழு காளை'யில அடுப்புக்காரரு. வாரத்துக்கு நாலு தடவை வெள்ளைக்காரங்களைக் கொண்டுபோய் அங்கதான் இறக்கறேன். கண்ணாடிக்குப் பின்னால நிக்க வச்சிருப்பாங்க. கத்தி இல்லாம ஸ்பூனாலயே கறிய வெட்டிக் காட்டுவாங்க. அரைமணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும். அடிச்சா எல்லாரும் கைதட்டணும். இவரு குனிஞ்சு கும்பிடு போடுவாரு. இந்தா, படம்கூட இருக்கு."

செல்போன் கைமாறியது. யாரோ சிரித்தார்கள். அன்செல்மோ சிரிக்கவில்லை. அவர் படத்தையும் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கங்கை யாரு நகர்த்தினது?"

தாரியோ செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"நான்தான்," என்றான் ராமிரோ.

"ஏன்?"

ராமிரோவின் பார்வை அவருடைய வலதுகையில் ஒரு நொடி தங்கியது. ஒரு வாக்கியம் போதும். இருபது பேருக்கு முன்னால், ஒரே ஒரு வாக்கியம்... அவன் அதைச் சொல்லவில்லை.

"பழக்கதோஷம். மன்னிச்சிடுங்க, தோன் அன்செல்மோ."

"நெலிதா. நீ பாத்தியா?"

அவள் கையில் கீரைப் பாத்திரம் கனத்தது. ஒரு பக்கம் எழுபது வயது. இன்னொரு பக்கம் அந்தக் கண்கள்.

"பாத்தேன்ப்பா," என்றாள். பிறகு ராமிரோ பக்கம் திரும்பினாள். அவள் பயத்துக்கு அப்போது கோபத்தின் முகம்தான் கிடைத்தது. "மணி அடிச்சா கைதட்டறதுக்கு உங்களுக்கு அங்க ஆள் இருக்கே. இங்க எதுக்கு வந்தீங்க?"

உங்களுக்கு. வந்தீங்க.

அவன் முகத்தில் அடித்தமாதிரி பட்டது அந்த 'ங்க'.

கறியை வெட்டிப் பரிமாறினார்கள். செவ்வாய்க்கிழமைகளைத் தவிர்த்தால், அப்படி ஒரு கறியை அங்கே இரண்டு வருடமாக யாரும் சாப்பிடவில்லை. முதல் வாயிலேயே பேச்செல்லாம் அடங்கியது. வழக்கப்படி ஓஸ்வால்தோ எழுந்து நின்று சொன்னார், "அடுப்புக்காரருக்கு ஒரு கைத்தட்டு."

எல்லாரும் தட்டினார்கள். அன்செல்மோ தலையை லேசாகச் சாய்த்து வாங்கிக்கொண்டார். நெலிதாவும் அப்பாவைப் பார்த்துத் தட்டினாள். மேசையின் மறுகோடியில் ராமிரோவும் தட்டினான். அந்தக் கைகள்தான் சுட்டன, அதே கைகள்தான் தட்டின. பிறகு கோப்பையைக் குடித்து முடிக்காமல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள்...

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. ஓஸ்வால்தோ கோப்பையை நகர்த்தி வைத்தார். மூன்று மணிவரை பார்த்துவிட்டுத் தானே பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார். காகிதங்கள் திரும்பவும் மேசைக்கடியில் மடிபட்டன. பல் மருத்துவர் வருவதை நிறுத்தினார்.

நாலாம் மாதம் ஒரு மதியம், கடைக்குள் வேறு மாதிரி ஒரு வாடை வந்தது. மாட்டுக்கறி வாடை இல்லை. நெலிதா திரும்பிப் பார்த்தாள். அப்பா உள்ளங்கையைக் கிராதியின் மேலேயே வைத்துக்கொண்டு ஓஸ்வால்தோவிடம் ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவர் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பையன்... எல்லாச் செவ்வாயும் அவன்தான் செஞ்சான், இல்ல?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முப்பத்தெட்டு வருஷமா சுடறேன். என் கறி எது, இன்னொருத்தன் கறி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கு ஏன்ப்பா அப்படிக் கேட்டீங்க? எல்லார் முன்னாடியும்..."

கட்டின் ஓரத்தை மறுகையால் நீவிவிட்டார். பிறகு சொன்னார். "அவன் சொல்லிடுவான்னு பயந்தேன். சொல்லல. அப்புறம் கைத்தட்டு வந்துச்சு. அது எனக்கில்லன்னு தெரியும். இருந்தாலும் நல்லா இருந்துச்சும்மா. விட மனசு வரல."

நெலிதாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் அன்று தட்டியவள் அவளும்தானே.

மறுநாள் மதியம் 'ஏழு காளை'யின் கதவைத் தள்ளினாள். சர்வர் இங்கிலீஷில் வரவேற்றான்.

"நான் போயெதோக்காரி. சாதாரணமாப் பேசு, தம்பி."

"மன்னிச்சுக்கோங்க. உள்ளூர்க்காரங்க இங்க வந்து நாளாச்சு. கறி எப்படி வேணும்? படம் இருக்கு, பாத்துச் சொல்லலாம்."

"அடுப்புக்காரர் எப்படிக் குடுக்கறாரோ, அப்படி."

வயிற்றோரத் துண்டு வந்தது. பழி சொல்ல ஒரு நரம்புகூட இல்லை அதில். கெட்டுப்போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பசுத்தோல் விரித்த சுவர், நாற்பது நாட்டுக் கொடிகள், ஸ்பூனால் வெட்டும் வித்தை... இத்தனை பொய்க்கு நடுவில் அந்தக் கறி மட்டும் உண்மையாக இருந்தது. அவள் கடையில் எல்லாமே உண்மை. கறி மட்டும்தான்...

மணி அடித்தது. கைத்தட்டல் எழும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புக் கழுத்துக்குட்டை யாரையும் பார்க்காமல் குனிந்து நிமிர்ந்தது. நெலிதா தட்டவில்லை. எல்லாரும் ஓய்ந்து தங்கள் தட்டுகளுக்குத் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு தட்டினாள். தனியாக, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு விட்டு... ஐந்து முறை.

கண்ணாடிக்குப் பின்னால் முதுகு அசையாமல் நின்றது. பிறகு திரும்பியது.

பின்வாசலில், தூறலில் நின்றார்கள்.

"எதுக்குத் தட்டின?"

"அன்னிக்குத் தட்டாததுக்கு."

"அன்னிக்குத் தட்டினியே, ஒல்லி. பாத்தேன். நல்லாவே தட்டின."

"அப்பாவுக்கு."

"தெரியும். நானும் அவருக்குத்தான் தட்டினேன்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீயும்தான் சொல்லியிருக்கலாம்."

அவள் தலை குனிந்தாள். மழை இருவருக்கும் சமமாகப் பெய்தது.

"நான் பாத்தேன், ராமிரோ. நீ ஏன் செஞ்சன்னு அப்பவே புரிஞ்சுச்சு. புரிஞ்சும் அப்படிப் பேசினேன். உன்னை இழந்தா தாங்கிக்குவேன்னு நினைச்சேன். தாங்க முடியல. எனக்கு உன்னைப் பிடிக்கும். முதல் நாள் நாற்காலிய இழுத்தியே... அப்பலேர்ந்து."

அவன் கழுத்துக்குட்டையை அவிழ்த்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். வெகுநேரம் துடைத்தான்.

"வெள்ளிக்கிழமை மாட்ரிட் போறேன். அங்க இவங்க புதுசா ஒண்ணு திறக்கறாங்க. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

"எப்ப போட்ட?"

"மூணு மாசம் செவ்வாய்க்கிழமைல உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். நாலாம் மாசம் போட்டேன்."

"ரெண்டு வருஷம் எண்ணிக்கிட்டே இருப்பேன்."

"வேணாம். உங்க அப்பாவுக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சு நெருப்பைத் தொட்ட மாதிரி, உன்னையும் தூரத்துல ஒளிச்சு வச்சுக்க எனக்குத் தெம்பில்ல." கழுத்துக்குட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டான். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னும் உன் பேரச் சொல்லித்தான் எண்ணறேன். வேற எதைச் சொன்னாலும் கறி சரியா வரல."

உள்ளே மணி அடித்தது. அவன் குனிந்து கும்பிடப் போக வேண்டும். போனான்.

வெள்ளிக்கிழமை, பர்ரகான் கடையின் அடுப்பில் முதன்முறையாக ஒரு பெண் நெருப்பு மூட்டினாள். அன்செல்மோ கட்டுப் போட்ட கையோடு ஓஸ்வால்தோவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். 'அடுப்பு ஆம்பளைங்க வேலை' என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர், இன்று வாயைத் திறக்கவில்லை.

நெலிதா உள்ளங்கையை நீட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவதிலேயே சுட்டது. கங்கைப் பரப்பினாள். திரும்ப நீட்டினாள். ஐந்தாவதில் கை தானாகப் பின்வாங்கியது.

ஓஸ்வால்தோ முழுத் துண்டையும் சாப்பிட்டார். கையைச் சட்டைப் பைப் பக்கமே கொண்டுபோகவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வேணாம், தோன் ஓஸ்வால்தோ," என்றாள் அவள். "இது எனக்கு வர வேண்டியதில்ல. சூடு பாக்கறப்ப நான் அவன் பேரச் சொல்லித்தான் எண்ணினேன்."

கடைக்கு மேலே எங்கோ, மேகத்துக்குள் ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டது. அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவள் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

அன்செல்மோ மெதுவாக எழுந்தார். ஒரு கையால் கைதட்ட முடியாது என்பது எழுந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நல்ல கையால் மேசையை ஓங்கித் தட்டினார். கோப்பைகள் அதிர்ந்தன. திரும்பவும் தட்டினார்.

"அடுப்புக்காரனுக்கு," என்றார், வாசலைப் பார்த்து. "அந்தப் பையனுக்கு ஒரு கைத்தட்டு."

பதினோரு மேசையும் தட்டின. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.